முத்தையா அண்ணன் இறக்கி வைத்த குடம்

முகப் பவுடரும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை... அதோடு கொஞ்சம் வியர்வை.

பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம். இலங்கை மலைநாட்டில், பூனாகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், தேயிலை பெக்டரிக்குப் பின்னால் படங்குத் துணியால் மறைப்புக் கட்டி, நாடகத்துக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி. நான் பெக்டரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இளந்தாரி.

எனக்கு முன்னால் சேலை கட்டி உட்கார்ந்திருந்தவர் முத்தையா அண்ணன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், தோள் இரண்டும் பாறை மாதிரி இருக்கும். ஆனால் காமன் கூத்தில் வருஷா வருஷம் அவர்தான் ரதி. அந்த வேஷத்தில் அவர் வந்தால் சனம் கையெடுத்துக் கும்பிடும்.

அன்றைக்கு அவர் கட்டியிருந்தது ரதி வேஷம் இல்லை. கொழுந்து பறிக்கிற ஒரு பொம்பளை வேஷம்.

அது இப்படித்தான் ஆரம்பித்தது...

பொங்கலுக்கு நாங்கள் எப்போதும் ராஜா நாடகம்தான் போடுவோம். கிரீடம், வாள், பட்டு அங்கி எல்லாம் பதுளையிலிருந்து வாடகைக்கு வரும். அந்த வருஷம் வேறொரு தோட்டத்துக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். உடுப்பு இல்லை, ராஜா இல்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம். அந்த வழியாகத் தண்ணீர்க் குடத்தோடு வந்த லெட்சுமி அக்கா, முத்தையா அண்ணனின் மனைவி, நின்று பார்த்தார்.

"எங்க கதைய போடுங்களேன். சேலை நான் தாரேன்."

அண்ணன் சிரித்தார். "தண்ணி தூக்குறதையும் ரொட்டி சுடுறதையும் எவன் வந்து பாப்பான்?"

"நீங்க ரதியா வந்தா கும்புடுறாங்க. வீட்டுல இருக்கிற பொம்பளைய இதுவரைக்கும் யாரும் ஆடிக் காட்டல. ஒருக்கா ஆடிப் பாருங்க."

"சரி, சேலையக் கொண்டா" என்றார் அண்ணன். நாடகம் முடிவானது.

ஒத்திகை முழுக்க லெட்சுமி அக்காவின் கட்டளைதான். கூடையின் கயிற்றைத் தலையில் எங்கே போடுவது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதுவது எப்படி என்று எல்லாம் காட்டிக்கொடுத்தார். அண்ணன் காலிக் குடத்தைத் தூக்கினால் விடமாட்டார். "வெறும் குடத்த தூக்கினா மூஞ்சி பொய் சொல்லும். ரொப்புங்க."

எனக்குப் புருஷன் வேஷம். கதிரையில் உட்கார்ந்து "தேத்தண்ணி எங்க?" என்று கேட்க வேண்டும். நாடகம் முழுக்க அவ்வளவுதான் என் வேலை.

விஷயம் தோட்டத்துத் தலைவர் காதுக்குப் போனது. தொழிற்சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். "ஆம்பளைங்கள கேவலப்படுத்துற மாதிரி ஏதாச்சும் இருந்திச்சின்னா நடுவுல நிப்பாட்டிருவேன்" என்று சொல்லியனுப்பினார்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் அன்று சனம் நிரம்பி வழிந்தது. அண்ணன் சேலையோடு வந்ததுமே ஒரே சிரிப்பு. விடிய எழும்பினார், அடுப்பு மூட்டினார், மலைக்கு ஓடினார், கூடையோடு திரும்பினார், விறகு கட்டினார். நான் கதிரையில் இருந்தபடியே தேத்தண்ணி கேட்டேன்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். "அண்ணே, புள்ளக் காம்பராவுல புள்ளைய விட்டுட்டு வந்துட்டீங்க."

மலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. அண்ணன் பதறிப்போய்த் திரும்பி ஓடினார். களமே குலுங்கியது. அதற்குப் பிறகு பெண்கள் விடவில்லை. மாவு பிசையல, சட்டி கழுவல என்று ஆளாளுக்கு எடுத்துக்கொடுத்தார்கள். அண்ணனும் ஒவ்வொன்றாகச் செய்தார்.

மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் குடத்தைப் பிடித்து மேட்டில் ஏறுகிற கட்டம். அண்ணன் நடந்தார், நின்றார். குடத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"முடியல... நெசமாவே முடியல."

அது எங்கள் டயலொக்கில் இல்லை. சிரிப்பு அடங்கியது. எங்கேயோ ஒரு மூலையிலிருந்து மெதுவாக ஒரு பெண் குரல் வந்தது.

"எங்களுக்குந்தான் முடியல."

தலைவர் எழுந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்த அவர் சம்சாரம் சொன்னார். "கொஞ்சம் ஒக்காருங்க. மறைக்குது."

அவர் உட்கார்ந்தார். எனக்கு என்ன தோன்றியதோ... கதிரையை விட்டு எழும்பிப் போய் அந்தக் குடத்தைத் தூக்கினேன். இன்னும் இரண்டு காட்சி பாக்கி இருந்தது. ஆனால் கைதட்டல் அடங்கவேயில்லை. நாடகம் அங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்த நாள் சாயந்தரம் முத்தையா அண்ணன் குடத்தோடு பீலிக்கு வந்தார். தண்ணீர் தூக்க ஆண்கள் யாரும் வராத இடம் அது.

"என்ன முத்தையா, இன்னும் வேஷம் கலைக்கலையா?" என்றான் அந்த வழியாகப் போன ஒருத்தன்.

"கலைச்சிட்டேன். அதான் வந்தேன்."

பிறகு நான் போனேன். இன்னும் சிலர் வந்தார்கள். வராதவர்களும் நிறையப் பேர், கேலி செய்தவர்களும் இருந்தார்கள். பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குக் கிட்டே குழாய் வேண்டும் என்று பெண்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அந்த மேட்டில் கொஞ்ச நாள் தண்ணீர் சுமந்த ஆண்களுக்குத் தோள் வலித்ததும் சங்கத்தில் பேச்சு எழுந்தது. தலைவரே தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்ப் பேசினார். மழைக்காலத்துக்கு முன்னால் குழாய் வந்துவிட்டது. லெட்சுமி அக்கா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறு வருஷம் ராஜா உடுப்பு கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு வாளோடு வந்தது லெட்சுமி அக்கா. எங்கள் தோட்டத்தில் மேடை ஏறிய முதல் பெண்.

பிறகு, தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. பதுளை ரயிலில் அழுதுகொண்டே போனார்கள். இப்போது அங்கே கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள்.

இன்று எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. ஆளுக்கொரு போன், ஆளாளுக்குத் தனியாகச் சிரித்துக்கொள்கிறோம். பக்கத்தில் இருப்பவர் எதற்குச் சிரிக்கிறார் என்று கூடத் தெரிவதில்லை. அன்றைக்கு ஒரே விஷயத்துக்குத் தோட்டமே சேர்ந்து சிரித்தது, சேர்ந்து அமைதியானது...

போன கிழமை வீடியோ கோலில் லெட்சுமி அக்கா வந்தார்.

"இங்க பொம்பளைங்க எல்லாம் சேந்து நாடகம் போடுறோம் தம்பி. ஒரு வேஷத்துக்கு ஆள் கொறையுது. ஒங்க அண்ணன கூப்புட்டேன்."

"வாராராமா?"

"பொம்பள வேஷம்னா வாரேன்ங்கிறாரு. இந்த வயசுலயும்."