பட்டறை வண்டியின் பிரேக்

புதிதாக ட்ரெய்லர் வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் அவரிடம்தான் வருவார்கள். லாரி ஷெட்டின் பின்பக்கம், பழைய டயர்கள் அடுக்கியிருந்த மூலையில் ஒரு மரப்பெஞ்சு கிடக்கும். அதில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே அவர் பேச ஆரம்பித்தால், அவசரமாக வந்தவன்கூட அவசரத்தை மறந்துவிடுவான். எல்லோருக்கும் அவர் ட்ரெய்லர்காரர். சொந்தப் பெயர் லைசென்ஸில் இருந்தது, அதோடு சரி.

"யானை மார்க்கா? தாராளமா வாங்கு," என்பார். "பழைய கம்பெனி. அடிச்சட்டம் உன் பேரன் காலத்துக்கும் வளையாது. ஆனா அதோட சொந்த எடையே பாதி லோடு. காலி வண்டியை இழுக்கவே எஞ்சின் மூச்சு வாங்கும். ஸ்பிரிங் பட்டை கருங்கல்லு. கண்ணாடி ஏத்திட்டுப் போனேன்னு வை, இறக்கும்போது மணலாத்தான் இறக்கணும்."

"அப்போ நீலக் கம்பெனி?"

"கப்பல்ல வந்த பழசு. ஓட்டிப் பாத்தா தொட்டில்ல படுத்த மாதிரி இருக்கும். ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை வெச்சிருக்கான். ஒரு பை வெடிச்சா, சாமான் வந்து சேர்ற வரைக்கும் நீ ரோட்டோரமாவே குடும்பம் நடத்தணும். பெரிய இடத்துல பொண்ணு எடுத்த மாதிரிதான். சேவகம் பண்ணியே காலம் போயிடும்."

நீல வண்டியை அவர் மூன்று வருஷம் வைத்திருந்து கையைச் சுட்டுக்கொண்டவர். அதனால் அந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலில் கொஞ்சம் காரம் கூடும்.

கடைசியாகப் பட்டறை வண்டிக்கு வருவார். அது பெரிய கம்பெனி சரக்கு இல்லை. பழைய ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகையில் ஒரு பட்டறைக்காரர் தன் கையாலேயே வெல்டிங் வைத்துக் கட்டிய வண்டி. "எடை குறைச்சல். லோடு கூடுதலா ஏத்தலாம். வளைஞ்சு கொடுக்கும், ஒடியாது. ஒரே ஒரு விஷயம், பிரேக்குக்கு முன்கோபம் ஜாஸ்தி. லோடோட மிதிச்சா நினைச்ச இடத்துல நிக்கும். காலியா வரும்போது மிதிச்சா சக்கரம் அப்படியே இறுகிக்கும். டயர் தரையில இழுபட்டு வழுக்கையாயிடும்."

அப்போது அவரிடம் ஓடியது இரண்டு வண்டி. யானையை அவர் ஓட்டினார். பட்டறை வண்டியை அவர் மனைவியின் தம்பி ஓட்டினான். மச்சான் என்று பெயர்தானே தவிர, பிள்ளை மாதிரி வளர்ந்தவன். வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு, "மாமா, ஸ்டீரிங் குடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று வந்து ஏறிக்கொண்டான். வாய் ஓயாது. டீக்கடையில் இரண்டு வண்டியும் நின்றால் சண்டை ஆரம்பமாகிவிடும்.

"உங்க யானைக்குத் தீனி போட்டே நீங்க ஓஞ்சு போயிடுவீங்க மாமா."

"உன் வண்டி வாலை ஆட்டிக்கிட்டே வருது பாரு. முதல்ல அதை அடக்கு."

"அது ஆடலை மாமா, நடனம்."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு டீ ஊற்றுவார்.

டயர் தேயாமலிருக்க மச்சான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். லாரியிலிருந்து ட்ரெய்லருக்குப் போகும் பிரேக் காற்றுக் குழாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதன் பிடியைக் குறுக்கே திருப்பினால் ட்ரெய்லர் பிரேக்குக்குக் காற்று போகாது. காலி வண்டியோடு மலைமேல் கல் அறுக்கும் இடத்துக்கு ஏறும்போது அதை மூடிவிடுவான். மேலே லோடு ஏற்றியதும் திறந்துகொண்டு இறங்குவான். ட்ரெய்லர்காரர் அதைப் பார்த்த அன்று கத்து கத்தென்று கத்தினார். அவன் சிரித்து மழுப்பினான். "டயர் என்ன மாமா, மரத்துலயா காய்க்குது?" அதற்கு மேல் அவரும் விட்டுவிட்டார். பல லாரிக்காரர்கள் செய்கிற வேலைதான் அது.

அன்று காலை அவன் முன்னால் போய்விட்டான். இவர் யானையை உருட்டிக்கொண்டு பின்னால் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார். பாதி மலையில் எதிரே வந்த ஜீப் ஒன்று ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு பறந்தது. உள்ளே யாரையோ படுக்க வைத்திருந்தார்கள். யார் என்று தெரியவில்லை. இரண்டாவது வளைவில் கல் பலகைகள் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. லாரியின் முன்பக்கம் பள்ளத்தில் நசுங்கியிருந்தது. பட்டறை வண்டி அதன்மேல் மடிந்து, ஒருக்களித்துப் படுத்திருந்தது.

கூட்டம் ரோட்டுப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தது. அவர் பள்ளத்தில் இறங்கினார். லாரிச் சக்கரங்களிலிருந்து கருகிய வாடை இன்னும் போகவில்லை. கிட்டே கை வைக்க முடியாத சூடு. ட்ரெய்லர் சக்கரத்தின் பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. இருந்தாலும் குனிந்து பார்த்தார். வால்வின் பிடி குறுக்கே இருந்தது.

மேலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு இறங்கியவன் திறக்க மறந்திருக்கிறான். அத்தனை கல்லையும் லாரி தன் பிரேக்கால் மட்டும் தாங்கப் பார்த்திருக்கிறது.

அவர் கை தானாகப் போய்ப் பிடியை நேராகத் திருப்பியது. கலைந்த தலையைக் கோதிவிடுகிற மாதிரி ஒரு காரியம். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் மச்சானின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கையில் அவனுடைய செருப்பு. ஒரு கால் செருப்புதான் கிடைத்திருந்தது. இவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழவில்லை.

"அண்ணா, நான்தான் போன் மேல போன் போட்டேன். பாப்பாவுக்கு ஸ்கூல்ல மீட்டிங், இன்னைக்காவது நேரத்துக்கு வாங்கன்னு நச்சரிச்சுட்டே இருந்தேன். லோடு ஏத்திட்டிருக்கேன், வெச்சுடுன்னாரு. திரும்பவும் போட்டேன்." செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அந்த அவசரத்துல எதையாவது மறந்துட்டாராண்ணா? நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்க."

ட்ரெய்லர் விஷயத்தில் அவர் பொய் சொன்னதாக யாரும் சொன்னதில்லை. விற்கிறவன் உறவுக்காரனாக இருந்தாலும் உள்ளதைத்தான் சொல்வார். அந்த வாய் சொன்னது:

"அவன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. உன்மேலயும் இல்லை. வண்டிதான். பிரேக் பிடிக்கலை."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னது ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு டிரைவர்கள் காதில் விழுந்தது. பட்டறை வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்று ட்ரெய்லர்காரரே சொல்லிவிட்டார் என்றால் அதற்கு மேல் என்ன விசாரணை? புது வண்டிக்கு ஆர்டர் கொடுத்திருந்தவர் வேண்டாம் என்றார். ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பட்டறைக் கொட்டகையில் பாதி கட்டிய அடிச்சட்டம் ஒன்று எண்ணெய்ப் பீப்பாய்களின்மேல் நின்றபடியே துருப்பிடித்தது. ட்ரெய்லர்காரர் ரயில் கேட் பக்கம் போவதை விட்டார். சுற்றுவழிதான், டீசல் கூட ஆகும், பரவாயில்லை என்று போனார். பெஞ்சில் யாராவது பட்டறை வண்டியைப் பற்றிக் கேட்டால், "அதை விடு" என்பார். கேட்டவர்கள் அதை ஒரே விதமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் பட்டறைக்காரரே வந்தார். அறுபதைத் தாண்டியவர், வெல்டிங் பொறி பட்டுப்பட்டு முழங்கை வரை புள்ளி புள்ளியாகத் தழும்பு. ஷெட்டின் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்த, விபத்தில் சிக்கிய ட்ரெய்லரைக் காட்டி, "பார்க்கலாமா?" என்றார்.

தார்ப்பாயை விலக்கிவிட்டு டார்ச்சோடு அடியில் போனவர் வெகுநேரம் வரவில்லை. சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ட்ரெய்லர்காரர் பெஞ்சில் உட்கார முடியாமல் நின்றார், நிற்க முடியாமல் உட்கார்ந்தார்.

வெளியே வந்த மனிதருக்கு முகமெல்லாம் கிரீஸ். "எனக்கு ஒண்ணும் அகப்படலைங்க. ஒவ்வொரு இணைப்பா பாத்துட்டேன். எங்க கோட்டை விட்டேன்னு நீங்களே காட்டிடுங்க. சண்டைக்கு வரலை. சத்தியமா சண்டைக்கு வரலை. கண்ணை மூடினா அந்தப் பிள்ளை முகம்தான் வருது. பாத்ததுகூட இல்லை, போட்டோவுல பாத்த முகம். எதுல தப்பு பண்ணினேன்னு தெரிஞ்சாலாவது ஒரு வாய் சோறு இறங்கும்."

ட்ரெய்லர்காரர் டிரம் சில்லென்று இருந்ததிலிருந்து ஆரம்பித்தார். வால்வைச் சொன்னார். தன் கை செய்ததையும் சொன்னார்.

பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டே மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். "அப்போ நான் கொல்லலை," என்றார். மறுபடியும் அதையே சொன்னார். பிறகு தலையை நிமிர்த்தினபோது பார்வை மாறியிருந்தது. "இத்தனை மாசம். இத்தனை மாசமா என்னைக் கொலைகாரனா உக்கார வெச்சுட்டீங்களே."

இவர் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து ட்ரெய்லரை மூடினார்.

"ஊர்ல சொல்லுவீங்களா?"

"அந்தப் பொண்ணு தாங்க மாட்டா. அவ போன் பண்ணின நேரத்துலதான்…"

"எனக்கும்தான் வீடு இருக்குதுங்க," என்று பட்டறைக்காரர் எழுந்தார். டார்ச்சை அணைக்க மறந்து, பட்டப்பகலில் அதை எரியவிட்டபடியே நடந்து போனார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள், கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"செத்தது என் தம்பி. புத்தி கெட்டுப் போய்ச் செத்தான்னு ஊர் பேசணும், அதானே?"

"அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினார்?"

"அவர் யாரு நமக்கு? மாமனா, மச்சானா?" என்றாள். "அவ இப்பதான் ராத்திரி கொஞ்சம் தூங்கறா. நீங்களே குடுத்த தூக்கம். நீங்களே பிடுங்கப் போறீங்களா?"

அவர் ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. அதற்கு வாய் வரவில்லை. வளைந்த ட்ரெய்லரைப் பட்டறைக்கே இழுத்துப்போய் விட்டார். பட்டறைக்காரர் நிமிர்த்திக் கொடுத்தார். யானையைக் கழற்றி ஷெட்டில் நிறுத்திவிட்டு, பட்டறை வண்டியைத் தன் லாரியில் மாட்டினார். மலைக்குப் போய்க் கல் ஏற்றிக்கொண்டு, அதே வளைவில் இறங்கி, பஜார் வழியாக வந்தார். லாரி ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"அண்ணே, இது அந்த வண்டிதானே?" என்றான் ஒருவன்.

"அதேதான்."

"பிரேக்கு?"

"பிடிக்குது. எப்பவும் பிடிச்சுக்கிட்டுதான் இருந்துது."

லாரிக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மெதுவாக, "வால்வு," என்றான்.

மறுநாள் மச்சானின் மனைவி ஷெட்டுக்கு வந்தாள். ட்ரெய்லரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். சக்கரத்தைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"நல்ல வண்டியாண்ணா இது?"

"நல்ல வண்டிம்மா."

"அப்போ அவர் எதை மறந்தாரு?"

அவர் அந்தப் பிடியைக் காட்டினார். விரல் நீளம்கூட இருக்காது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். குறுக்கே, நேராக, மறுபடி குறுக்கே. எளிதாகத்தான் திரும்பியது.

"ரெண்டாவது தடவை நான் போன் பண்ணியிருக்க வேண்டாம்," என்றாள்.

"அப்படி நினைக்காதம்மா. நான் அன்னைக்கே அவனை இந்த வேலை பண்ண விட்டிருக்கக் கூடாது."

"நீங்க சொல்றது எதையும் இனிமே நான் எப்படிண்ணா நம்புவேன்?" கோபமில்லாமல்தான் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

பட்டறைக்குப் பெரிய வெளிச்சம் ஒன்றும் வந்துவிடவில்லை. பழைய வண்டிகள் சில ரிப்பேருக்கு வந்தன. புது வண்டி வாங்குகிறவர்கள் அதற்குள் தவணையில் கிடைக்கும் கம்பெனி வண்டிகளுக்குப் போய்ப் பழகிவிட்டார்கள். பட்டறைக்காரர் கொட்டகையில் பாதியை டயர் கடைக்கு விட்டுவிட்டு மீதிப் பாதியில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் அடித்தார். ரோட்டில் ட்ரெய்லர்காரரைப் பார்த்தால் தலையை அசைப்பார். நின்று பேசுவதில்லை.

பள்ளிக்கூட வருஷம் முடிந்ததும் மச்சானின் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் இருக்கும் ஊருக்குப் போக முடிவு செய்தாள். சாமான் ஏற்ற ஒரு சின்ன வேன் வந்திருந்தது. ட்ரெய்லர்காரர் கேள்விப்பட்டு, மனைவியோடு போனார். கட்டிலும் பீரோவும் ஏறியாகிவிட்டது. வேன்காரன் கயிற்றைத் தளர்வாகப் போட்டிருந்தான். ஒரு திருப்பத்தில் பீரோ சாய்ந்துவிடும் போலிருந்தது. இவர் சும்மா நிற்க முடியாமல் ஏறி, கயிற்றை அவிழ்த்து இழுத்துக் கட்டப் போனார்.

"போதும்ணா," என்றாள் அவள் கீழே நின்றபடி. "வேன்காரரே கட்டிக்கட்டும்."

அவர் கயிற்றை விட்டுவிட்டு இறங்கினார். மகள் வேனின் முன்சீட்டில் ஏறி, அத்தைக்கு மட்டும் கையை ஆட்டினாள். வேன் தெருமுனை திரும்பும் வரை இருவரும் வாசலில் நின்றார்கள். பிறகு மனைவி முன்னால் நடந்தாள். அவர் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனார்.