சைக்கிளா, நானா?

"ட்ரூடி, உண்மையைச் சொல்லுடீ. சைக்கிளா, நானா?"

மார்னி கெம்பைனன் இப்படிக் கேட்டபோது நான் என் கடையில் பாஸ்டி என்கிற, இறைச்சி அடைத்துச் சுடும் ரொட்டிக்குள் வைக்கக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். எதைக் கேட்கிறாள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. எங்கள் புதன்கிழமைக் கூட்டம் காட்டுத்தடத்தில் சைக்கிள் ஓட்டப் போகும்போதெல்லாம் மார்னிதான் கடைசி. மூன்று கோடையாக அவள்தான் கடைசி.

"சைக்கிள்தான். இதுல என்ன சந்தேகம்?" என்றேன்.

"நீயும் அதையே சொல்றே. எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. அதனாலதான் சந்தேகம் வருது."

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் நாங்கள் நீராவிக் குளியலறையில் துணியில்லாமல் சேர்ந்து உட்காருவோம், ஆனால் மனதில் இருப்பதை மட்டும் போர்த்தியே வைத்திருப்போம். ஒருத்தி மூச்சுவாங்க வந்து நிற்கும்போது, "உனக்குத்தான் தெம்பு பத்தவில்லை" என்று யார் சொல்லப் போகிறார்கள்?

"இந்தக் கோடை முடியறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றாள். "சைக்கிள்னா மாத்தறேன். நான்தான்னா வர்றதை நிறுத்திடறேன். எனக்காக இத்தனை பேர் பூச்சிக்கடி வாங்கிட்டு நிக்க வேணாம்."

மார்னி குளிர்காலம் பூராவும் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். கோடையில் அதே சாலைகளில் ஜல்லி நிரவுவாள். இரண்டிலும் வண்டிக்குள் அவள் ஒருத்திதான். மனிதர்களோடு சேர்ந்து அவள் செய்கிற ஒரே காரியம் இந்தப் புதன்கிழமை. அதையும் விட்டுவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? ஆனால் அவளிடம் "அப்படியெல்லாம் பேசாதே" என்று சொல்லிப் பயனில்லை. ஒரு கேள்வி அவள் தலைக்குள் புகுந்துவிட்டால் பதில் கிடைக்கும்வரை விடமாட்டாள். ஏரியில் பிடித்த மீனைக்கூட, அது காலையில் என்ன தின்றது என்று வயிற்றைக் கீறிப் பார்த்துவிட்டுத்தான் பொரிப்பாள்.

அந்தச் சைக்கிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊர்ப் பெரிய கடையில், புல்வெட்டும் இயந்திரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருந்ததைத் தள்ளுபடியில் வாங்கினாள். மலைச் சைக்கிள் என்று பேர். கம்பியிலேயே 'கரடுமுரடான தடங்களில் ஓட்ட வேண்டாம்' என்று சின்ன எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். பேருதான் பெத்த பேரு!

மறுநாளே நார்மின் சைக்கிள் கடைக்குப் போனாள். நார்ம் நல்ல மனிதன், விற்கத் தெரியாத கடைக்காரன். "எல்லாத்தையும் ஒரேடியா மாத்திடுவோமா?" என்று கேட்டதற்கு இவள், "மாத்தினா எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்? ஒண்ணொண்ணாத்தான்," என்றாளாம். ஒரு சாமானை மாற்றுவாள், பழைய சுரங்கத்துக்குப் பின்னால் இருக்கிற அதே சரிவில் தனியாக ஓட்டிப் பார்ப்பாள், என்ன மாறியது என்று என் கடைக்கு வந்து ஒப்பிப்பாள். நான் மாவு பிசைந்துகொண்டே கேட்பேன்.

முதலில் டயர். பழைய டயர் ஈரமான வேரின் மேல் பட்டால் வழுக்கிக்கொண்டு போய்ப் புதரில் தள்ளும். புதியது அகலம், பல் பெரிசு. "காத்தைக் குறைச்சு வைக்கச் சொன்னான்டீ. காத்து கம்மியானா ஓடுமான்னு நெனச்சேன். அப்படியே தரையைப் பிடிச்சுக்குது, பல்லி மாதிரி!" என்று கூத்தாடினாள். அடுத்து, முள்முள்ளாகப் பிடிப்பு வைத்த பெடல். அது காலில் கீறி ரத்தம் வழிய, அதையும் ஏதோ பதக்கம் மாதிரிக் காட்டினாள். அப்புறம் வந்ததுதான் பெரிய அதிசயம். கைப்பிடியில் ஒரு விசையை அமுக்கினால் சீட் தானாகக் கீழே இறங்கும், சரிவில் உடம்பைப் பின்னால் தள்ள வசதியாக. அதை என் கடை வாசலில் நிறுத்திவைத்து ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, வாங்க வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து விளையாட்டு காட்டினாள். எனக்கு அன்று வியாபாரமே ஓடவில்லை.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கையும் மாற்ற வேண்டும் என்றபோதுதான் நார்ம் கையை விரித்தான். "கழுத்து ஓட்டை வேற அளவு, மார்னி. எப்படியோ மாட்டினாலும் முன்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். திருப்பினா திரும்பாது. அந்த ஃபோர்க்கோட விலை உன் சைக்கிளைவிட ஜாஸ்தி. வேணாம்."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நானும் தலையில் அடித்துக்கொண்டேன். ராய்ஸ் லெஹ்டோ சும்மா இருப்பானா? எங்கள் கூட்டத்தில் எப்போதும் முதலில் போகிறவன் அவன்தான். அவன் சைக்கிள் விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய லாரி வாங்கலாம். "அம்மா தாயே, அந்த ஸ்டிக்கர் ஒண்ணுதான் பழசா இருக்கு. அதையும் மாத்திடு!" என்றான். மார்னியும் சேர்ந்து சிரித்தாள்.

மாற்றினதெல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன். முன்னே இறங்கி உருட்டிக்கொண்டு போன சரிவுகளில் இப்போது ஓட்டியே இறங்கினாள், இறங்கினதும் "இன்னொரு தடவை!" என்று கத்தினாள். தனியாக ஓட்டும்போது நன்றாகத்தான் ஓட்டினாள். புதன்கிழமை வந்தால் மறுபடியும் கடைசி.

ஆகஸ்டு கடைசியில் எல்லார் முன்னாலும் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து ராய்ஸைக் கேட்டாள். "இன்னிக்கு நீ என் சைக்கிளை ஓட்டு, நான் உன்னோடதை ஓட்டறேன். உயரம் ஒண்ணுதான். இன்னியோட தெரிஞ்சுடும்."

"என் சைக்கிள்லயும் நீ கடைசியா வந்தா?"

"வீட்டுக்குப் போயிடறேன். அப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

ராய்ஸின் சிரிப்பு நின்றுபோனது. அவள் வருவதையே நிறுத்தப் போகிறாள் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. "ஏய், என்ன பேச்சு இது..." என்று என்னைப் பார்த்தான். சாவியைக் கொடுக்கிற மாதிரி சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அவள் சைக்கிளில் ஏறினான்.

எங்கள் தடம் ஒற்றையடி. மரங்களுக்கு நடுவில் ஒரு ஆள் போகத்தான் இடம், முந்திப் போக வழியில்லை. வழக்கம்போல ராய்ஸ் முன்னால் போனான். நான் அவன் பின்னால். பாசி பிடித்த பாறைகளின் மேல் கடகடவென்று ஏறும் இடத்தில் அவன் செயின் கழன்றுவிட்டது. "போங்க, போங்க!" என்று ஓரமாக ஒதுங்கினான். எல்லாரும் தாண்டிப் போனோம்.

தடங்கள் வந்து சேரும் முதல் கூடுசந்தில், எப்போதும்போலப் பின்னால் வருகிறவர்களுக்காக நின்றோம். மார்னி நடுவில் வந்து சேர்ந்தாள். தன் பையிலிருந்து பாஸ்டியை எடுத்து, ஒரு கட்டையில் உட்கார்ந்து, முழுசையும் தின்றாள். அவள் ஒரு கூடுசந்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் ராய்ஸ் வந்தான், கையெல்லாம் கறுப்பு மசி. அவன் தலை தெரிந்ததும் நான், "எல்லாரும் வந்தாச்சு! கிளம்பலாம்!" என்று கத்தினேன். யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்பது எங்கள் கூட்டத்தின் பெருமை. பலகையில் எழுதியே வைத்திருக்கிறோம். கடைசி ஆள் வந்ததும் கிளம்புவோம்.

இரண்டாவது கூடுசந்திலும் ராய்ஸ்தான் கடைசி. முகம் சிவந்திருந்தது. தண்ணீர்ப் புட்டியை எடுத்து மூடியைத் திருகினான். "எல்லாரும் வந்தாச்சு!" என்று மறுபடியும் நான்தான். மூடியைத் திரும்ப மூடினான்.

மூன்றாவதில் அவன் வந்த வேகத்தில் சைக்கிளைப் புதரில் எறிந்தான்.

"அடப் பாவிகளா! இப்பத்தானே வந்தேன்! ஒரு வாய் தண்ணி குடிக்க விடமாட்டீங்களா? நீங்கல்லாம் சாப்பிட்டு, கதை பேசிட்டு, நான் வந்து மூஞ்சியைக் காட்டினதும் ஓடறீங்களே, மனுஷங்களா நீங்க?"

ஒவ்வொருவராக மார்னியைப் பார்த்தோம், அப்புறம் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தோம். அவளுக்கோ கோபமும் இல்லை, குத்திக்காட்டும் எண்ணமும் இல்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு ராய்ஸின் அருகில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"செயின் எங்க கழண்டுச்சு? பாசிப் பாறைலதானே? எனக்கும் அங்கதான் கழளும். எத்தனை தடவை?"

"ஒரே தடவைதான்."

"அப்புறம் ரெண்டாவதுல ஏன் கடைசி? மூணாவதுல ஏன்?"

"மூச்சு வாங்க விட்டாத்தானே!"

"அப்ப சைக்கிள் வெயிட்டா இல்லியா?"

"வெயிட்டுதான். அதுக்காக... இதெல்லாம் என்னைக் கடைசியாக்கற வெயிட் இல்ல." அவன் தலையை நிமிர்த்தினான். "மார்னி, மூணு வருஷமா இப்படியேவா ஓட்டினே?"

அவள் விரலால் செயினைத் தள்ளி, பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தின் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு பல் தடிச்சும் ஒரு பல் மெலிஞ்சும் இருக்கிற பல்சக்கரம் வருதாம், செயின் கழளாதாம். நார்ம் சொன்னான். அதை மாத்தணும். ஒரு தடவை பின்னால போனா, மூச்சு வாங்க நேரமில்லாம அப்படியே பின்னாலயே போயிடறோம், அவ்வளவுதானா? அட ராமா, இவ்வளவுதானா?" அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "எல்லாரும் வந்தாச்சு" என்று மூன்று வருஷமாகக் கத்தின வாய் என்னுடையது. பளாரென்று ஒன்று வாங்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"சைக்கிளைத் திருப்பிக் குடு," என்றாள் ராய்ஸிடம். "இனிமே ஒண்ணே ஒண்ணு மாத்திப் பார்ப்போம். கடைசியா வர்றவங்க சொன்னாத்தான் கிளம்பணும்."

மேட்டின் உச்சியில் இருக்கிறது அடுத்த கூடுசந்து, மொட்டைப் பாறை. நாங்கள் ஏறி வந்து காத்திருந்தோம். மார்னி கடைசியாகத்தான் வந்தாள், ஆனால் வெகு தூரம் பின்தங்கவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம். பூச்சி கடித்தது, நின்றோம்.

மூச்சு அடங்கியபின் தலையை நிமிர்த்தி எங்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஏய் ட்ரூடி, இங்கேர்ந்து ஏரி தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

"எப்பவுமா?"

நான் தலையை ஆட்டினேன். ராய்ஸ் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தத் தீவு எது, அந்தக் கப்பல் எங்கே போகிறது என்று கைநீட்டிக் காட்டினான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் "சரி, போலாம்" என்று சொல்ல வெகு நேரம் ஆயிற்று.