ஞானசிங் மைக் பிடித்த காலை

என் வீட்டுக்காரர் ஞானசிங்குக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை. இடி இடித்தால் பயமில்லை. நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தால் போதும், மனிதர் செத்தார்.

புத்தூர் சாலையில் எங்களுக்கு மாம்பழக்கூழ் ஆலை இருக்கிறது. சீசனில் சுற்று ஊர்களிலிருந்து அறுபது பெண்கள் வேலைக்கு வருவார்கள். அவ்வளவு பேரை வைத்து நடத்துகிற மனிதர், சர்ச்சில் வேதபாடம் வாசிக்கும் முறை வந்தால் அந்த ஞாயிறு மட்டும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வார். போதகரே ஒருநாள் என்னைப் பிடித்து, “ஜெயசீலி, அடுத்த மாசம் அவருக்கு எந்த வாரம் வயித்துவலின்னு முன்னாடியே சொல்லிடும்மா, அதுக்குத் தக்க லிஸ்ட் போட்டுடறேன்” என்றார். எனக்கு மானமே போயிற்று. ஆனால் தப்புகளை ஒப்புக்கொண்டு சபையார் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் பாவ அறிக்கை இருக்கிறதே, அதில் மட்டும் அவருக்குப் பயமே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, இருநூறு குரலோடு தன் குரலையும் கலந்து கணீரென்று சொல்வார்.

போன வருஷம் ஆலைக்காரர்கள் சங்கத்தில் இவரைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். இனி வயிற்றுவலி செல்லாது. திருப்பதியில் ஹரிபாபு என்பவர் தொழில் நடத்துகிறவர்களுக்கு மேடைப்பேச்சு வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, நான்தான் பிடித்துத் தள்ளினேன். பத்து ஞாயிறு மத்தியானம் போய் வந்தார். பயத்தை முகத்தில் காட்டாதே, முதலில் சிரி, அப்புறம் பேசு, கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் நெற்றியைப் பார் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தார். ஒரு சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கி பீரோ கண்ணாடி முன்னால் நின்று பேசுவார். “இன்னாங்க, பீரோ கை தட்டுச்சா?” என்று கேலி செய்வேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். ஏப்ரலில் சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் தடங்கல் இல்லாமல் பேசிவிட்டு வந்தார். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, குளிர் அறையைக் குளிர வைக்கிற அம்மோனியா வாயு கசிந்தது. மிளகாய் வற்றலைத் தீயில் போட்டது போல நெடி. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். டின் எடுக்கக் குளிர் அறைக்குள் போயிருந்த சுலோசனாவைத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்து, இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். அவளுக்கு இரண்டு சின்னப் பெண்கள்.

மறுநாள் காலை பெண்கள் எல்லோரும் ஆலைக் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே வரவில்லை. உள்ளே பழம் மலையாகக் குவிந்து கிடக்கிறது. இரண்டு நாள் விட்டால் எல்லாம் அழுகிவிடும். அதைக்கூட விடுங்கள், இவர்கள் இனி எங்களை நம்பி இந்தக் கேட்டுக்குள் காலெடுத்து வைப்பார்களா என்பதுதான் கேள்வி. வைக்காவிட்டால் ஆலையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

“நீங்கதாங்க பேசணும்” என்றேன்.

“எனக்கு வாயே வரல ஜெயா.”

“பத்து வாரம் போய்க் கத்துக்கினு வந்தீங்களே, இன்னாத்துக்கு?”

மைக்கை அவர் கையில் நான்தான் திணித்தேன். அந்தப் பாவமும் என்னுடையதுதான்.

கேட்டருகில் போய் நின்றார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் ஸ்பீக்கர் கொரகொரவென்றது. பெண்களின் நெற்றியைப் பார்த்தார். பிறகு, அட கடவுளே, சிரித்தார்.

சுலோசனாவின் நாத்தனார் ஜெயம்மா முன்னால் நின்றிருந்தாள். “இன்னா சார் சிரிக்கிற? எங்கூட்டுப் பொண்ணு மூக்குல கொழாய மாட்டிக்கினு கெடக்குது, நீ பல்லக் காட்டிக்கினு நிக்கிறியே!”

சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போகவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல் கோணிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. அவர் சட்டென்று கண்ணை மூடினார். மூடியதும் வாயில் வந்தது அந்தப் பாவ அறிக்கை. ஞாயிற்றுக்கிழமை சொல்கிற அதே புத்தகத் தமிழில், அதே ராகத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சேர்ந்து சொல்ல இருநூறு பேர் இல்லாததால் குரல் தனியாகக் கம்மிக்கொண்டு வந்தது. சுலோசனாவுக்காக ஜெபம் செய்கிறார் போலிருக்கிறது என்று சில பெண்கள் கைகூப்பினார்கள்.

ஜெயம்மா கூப்பவில்லை. “சார், சாமிகிட்ட அப்பறமா சொல்லிக்க. இன்னா தப்பு நடந்துச்சி, யார் பண்ணது, அத எங்ககிட்ட சொல்லு.”

கண்ணைத் திறந்தார். கல்யாணமான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. கூட்டத்தைப் பார்த்து வருகிற பயமில்லை அது. வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. போய் மைக்கைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“திங்கக்கெழமையே மெக்கானிக் பாஸ்கர் எங்கிட்ட சொன்னாரு” என்றார். “வால்வு பக்கம் லேசா நெடி வருது, ரெண்டு நாள் மெஷின நிறுத்திப் பாக்கணும்னு. நான்தான், சீசன் முடியட்டும்னேன். பாஸ்கர் மேல தப்பில்ல. நான் பண்ணது.”

என்னிடம்கூட அவர் சொல்லவில்லை. நாலு நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர்! போலீஸ், கோர்ட்டு, ஜெயில் எல்லாம் கண் முன்னால் வந்து போயின. அவருக்கும் வந்திருக்கும். ஆனாலும் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

“போலீஸ் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். வால்வு மாத்தி, வெளியாள் வந்து பாத்து, உங்களுக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வர வேணாம். பழம் போனா போவட்டும்.”

இந்த முறை யார் நெற்றியையும் அவர் பார்க்கவில்லை. ஜெயம்மாவின் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். குரல் நடுங்கியது. ஆனால் கடைசி வார்த்தை வரைக்கும் விழுங்காமல் சொன்னார்.

ஜெயம்மா கேட்டை ஒட்டி வந்து நின்றாள். அடித்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“இத்த, திங்கக்கெழமையே எங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா, சுலோசனா அந்த ரூமுக்குள்ளயே போயிருக்க மாட்டாளே சார். அதுக்கு மைக்கு கூட வேணாமே.”