நான் எழுதாத வைரஸ்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்டவர் மாமாதான், அம்மாவின் தம்பி. தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அவர் வாத்தியார். எந்தக் கட்டளையைத் தட்டினால் என்ன வரும் என்று மனப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பார். ஏன் வருகிறது என்று யாராவது கேட்டால் அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிடும். நான் அப்போது ஒன்பதாவது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சனிக்கிழமைகளில் அவரோடு போய், காலியாக இருக்கும் மெஷினில் உட்கார்ந்து புரோகிராம் எழுதப் பழகியிருந்தேன். ஏன் வருகிறது என்பது எனக்குத் தெரியும் என்ற திமிரும் கூடவே வளர்ந்திருந்தது.

அந்த வருஷம் பெருங்களத்தூரில் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் ஞாயிறு பள்ளிக்கு ஒரு ஸ்டால் கிடைத்தது. வளையம் எறிவது, பந்தால் டப்பா தட்டுவது என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, நான் கை தூக்கினேன். பிறந்த தேதியைச் சொன்னால் கிழமையைச் சொல்லும் கம்ப்யூட்டர். பாஸ்டர் முகம் மலர்ந்துபோய் அடுத்த ஞாயிறே ஆராதனையில் அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கமும் இல்லை, பகலில் படிப்பும் இல்லை.

கிழமை சொல்வது பெரிய வித்தை இல்லை. கணக்குத் தெரிந்தால் பேப்பரிலேயே போடலாம். நான் ஒரு படி மேலே போனேன். 'உங்களைப் போல் புதன்கிழமை பிறந்தவர்கள் இதுவரை ஆறு பேர்' என்றும் அது சொல்ல வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும் எண்ணிக்கை போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் கரண்ட் போகாத பண்டிகையே கிடையாது. எண்ணிக்கையைத் தனிக் கோப்பில் எழுதி வைப்பதுதான் உலக வழக்கம். நான் என்னவோ புரோகிராமே தன் வயிற்றுக்குள் எழுதிக்கொள்ளும்படி செய்தேன். ஒரே கோப்பு, ஒரே ஃப்ளாப்பி. அது முதல் தடவை வேலை செய்தபோது நாற்காலியில் இருக்க முடியாமல் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து உட்கார்ந்தேன்.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, சென்டரிலேயே கலர் மானிட்டர் உள்ள ஒரே மெஷினில் அதை ஓட்டிக் காட்டினேன். ஓனர், மாமா, நாலைந்து மாணவர்கள் எல்லோரும் பின்னால் நின்றார்கள். அம்மாவின் பிறந்த தேதியைத் தட்டினேன். கிழமை வருவதற்குப் பதிலாகத் திரை முழுக்கச் சிவப்பானது. பீப் பீப் என்று அலறல். 'ஒரு புரோகிராம் கோப்பைத் திருத்த முயற்சி நடக்கிறது. வைரஸாக இருக்கலாம்.' அந்த மெஷினில் காவலுக்கு வைத்திருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள், என் புரோகிராம் தன்னையே திருத்திக்கொள்வதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது.

அந்த சென்டரில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வைரஸ் வராமல் இருக்கத்தான் என்று அங்கே படித்தவர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். ஓனர் அதில் முதல் ஆள். என் ஃப்ளாப்பியை இரண்டு விரலால் தூக்கி, மாமாவிடம் கொடுத்து, செருப்புகளோடு வெளியே வைக்கச் சொன்னார். மாமாவும் வைத்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை ஓனர் இல்லாத நேரம் பார்த்து ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அலறியது, அலறியது, அலறியது. தன்னைத் தானே எழுதும் அந்த ஒரு வரியை எடுத்ததும் கப்சிப். திருடனைப் பிடித்த சந்தோஷத்தில் மாமாவை இழுத்துவந்து, பேப்பரில் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, முக்கால் மணி நேரம் விளக்கினேன். மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சரி பாப்பா, அந்த ஒரு வரியை எடுத்துட்டா பிரச்சினை இல்லையே?"

"ஏன் எடுக்கணும்? தப்பு என் மேல இல்ல மாமா, சும்மா அலறுற அந்தக் காவல் மேல."

எடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதுதான் என் நியாயம். மாமா ஓனரிடம் கேட்கப் போனார். அந்தக் கலர் மானிட்டர் மெஷினை வெளியே கொண்டுபோக ஓனர் சம்மதித்தார். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் திங்கட்கிழமை நீங்கள் வர வேண்டாம் என்றும் மாமாவிடம் சொல்லி அனுப்பினார். எங்கள் பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் டைப் செய்யக் கொடுத்த புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் அதற்குள்தான் இருந்தது. என் காதில் விழுந்தது மெஷின் கிடைத்துவிட்டது என்ற பாதி மட்டும்தான்.

பண்டிகைக்கு முந்தின நாள் ஸ்டாலுக்கு போர்டு எழுத மாமா வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. சென்டருக்கே போய்ப் பார்த்தால் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து ஃப்ளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி ஒட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கினார். இருபத்தெட்டு வரை போயிருந்தது. என் வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் வேலையா என்று கோபித்துக்கொண்டு வந்து, போர்டை நானே கோணல்மாணலாக எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மானிட்டரைப் போர்வையில் சுற்றி மாமா மடியில் வைத்துக்கொள்ள, ஆட்டோவில் போனோம். "இன்னா சார், கொழந்தயாட்டம் புட்சிகினு வர்றீங்க" என்றார் ஆட்டோக்காரர். பெருங்களத்தூர் கேட் மூடியிருந்தது. மூன்று ரயில் போகும்வரை நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டாலில் வயரெல்லாம் மாட்டியாயிற்று. வைரஸ் காவலை மாமாவே அணைத்தார். கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

"உன் புரோகிராம்தானே? போடு" என்றார்.

போட்டேன். முதல் ஆள் பாஸ்டர். வியாழக்கிழமை. கூட்டம் கைதட்டியது. அதற்குப் பிறகு பூசணிக்காய் ஏலத்தைக் கூட விட்டுவிட்டு ஜனங்கள் எங்கள் ஸ்டாலுக்கு வரிசை கட்டினார்கள். இரண்டு பெரியவர்கள், இருவரும் சனிக்கிழமைக்காரர்கள், பல வருஷப் பகையை மறந்து கை குலுக்கிக்கொண்டார்கள். எதிர்பார்த்தபடியே கரண்ட் போனது. திரும்ப வந்ததும் எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, நான் துள்ளிக் குதித்தேன். மாமா பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு முறை நான் என்டர் தட்டும்போதும் டிஸ்க் விளக்கு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிரியாணிப் பொட்டலம் அப்படியே ஆறிக் கிடந்தது. உங்கள் கிழமையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அப்புறம் என்றார். என் திறமையில் மெய்ம்மறந்து நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமா திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனார். உலகத்தில் என்னை நம்பிய ஒரே ஆள் என்று வெகுகாலம் எல்லோரிடமும் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்டு எழுத வராததை மட்டும் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

பிற்பாடு எனக்கும் கம்ப்யூட்டரிலேயே வேலை அமைந்தது. சந்தேகத்துக்குரிய ஒரு கோப்பை ஓட்டிப் பார்க்கச் சொன்னால், முதலில் மெஷினில் உள்ள எல்லாவற்றையும் நகல் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். முதன்முதலாக அப்படி நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பிஸ்கட் டப்பா ஞாபகத்துக்கு வந்து என் கை நின்றது. நான் போட்ட கட்டமும் அம்புக்குறியும் மாமாவுக்கு ஒரு எழுத்துகூடப் புரிந்திருக்கவில்லை. அந்தச் சிவப்புத் திரை சொன்னதைத்தான் அவர் நம்பினார். அது வைரஸ் என்றே நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு என்னிடம் "போடு" என்றார்.