வியாழக்கிழமைப் பள்ளத்தாக்கு

நெசாவிடம் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "ஜனங்களோட பின்பக்கத்துக்குக் கம்பி குடுக்கிறேன்" என்பாள். பொய்யில்லை. எங்கள் ஊர் இழுவை லிஃப்டில், கயிற்றோடு தொங்கி வரும் கம்பியைப் பிடித்து, காலில் ஸ்கீ பலகை மாட்டி நிற்பவர்களுக்குப் பின்னால் பொருத்தி, பனிச்சரிவில் மேலே அனுப்புவது எங்கள் இருவர் வேலை. இருபத்தாறு குளிர்காலமாக அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸூரிச்சிலிருந்து வரும் கூட்டம் கார் நிறுத்துமிடம் வரை வரிசை கட்டும். ஒருவன் ஸ்கீயை இன்னொருவன் மிதிப்பான், குழந்தைகள் அழும், எல்லாரும் சேர்ந்து எங்களை முறைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நெசா மட்டும் பாதித் தூக்கத்தில் இருப்பவள்போலப் புன்னகைத்துக்கொண்டு நிற்பாள்.

அவள் வியாழக்கிழமையை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வியாழன் அவளுக்கு விடுமுறை. ஸ்கீயின் அடியில் வழுக்காத ரோமப்பட்டையை ஒட்டிக்கொண்டு, லிஃப்ட் போய் முடியும் மேட்டுக்கு அப்பாலுள்ள வால் நைரா பள்ளத்தாக்குக்குத் தனியாக ஏறிப்போவாள். அங்கே லிஃப்ட் இல்லை, மனிதர் இல்லை. ஒருமுறை என்னையும் கூட்டிப்போனாள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத மூட்டம். மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். நடுவழியில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மெதுவா. கீழ தூங்குதுங்க."

கருங்காட்டுக் கோழிகள். பகலெல்லாம் பனிக்குள் வளை தோண்டிப் படுத்திருக்குமாம். மிரண்டு பறந்தால் உடம்புச் சூடு செலவாகி, குளிரைத் தாங்காமல் செத்தும் போகுமாம். யார் வீட்டுப் படுக்கையறைக் கூரைமேலோ நிற்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டேன். அன்று முழுக்க நாங்கள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

அங்கேதான் புது லிஃப்ட் போட வேண்டுமென்று கிளம்பினான் தூரி. லிஃப்ட் கம்பெனியின் மேலாளர். நெசாவின் கூடப்பிறந்த தம்பி. அவன் பேச்சிலும் நியாயம் இல்லாமலில்லை. இடம் விரிந்தால் நெரிசல் குறையும், நெரிசலுக்குப் பயந்து வேறு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள், நம் பிள்ளைகள் வேலை தேடி ஊரைவிட்டுப் போக வேண்டாம் என்றான். நெசா அவனோடு வாதாடவில்லை. வனக்காவலரைக் கூட்டிப்போய், கோழிகள் படுக்கும் இடத்தையெல்லாம் காட்டிவிட்டாள்.

அவருடைய அறிக்கை நவம்பரில் ஊர்ச்சபைக்கு வந்தது. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் கூடியிருந்தோம். கோழிகள் நிறைய இருக்கின்றன, லிஃப்ட் வந்தால் அவை தங்காது என்று எழுதியிருந்தார். கைதூக்கி வாக்கெடுத்ததில் லிஃப்ட் தோற்றது. நான் நெசாவின் தோளைத் தட்டினேன்.

ஆனால் அறிக்கையில் இன்னொரு பக்கம் இருந்தது. தூரி எழுந்து நின்று அதைப் படித்தான். ஒரு வளையிலிருந்து கோழி மிரண்டு பறந்திருக்கிறது. வளைக்குப் பக்கத்திலேயே ஒற்றை ஆளின் ஸ்கீ தடம். ஆகவே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை யாரும் போகாமல் பள்ளத்தாக்கை மூடிவிட வேண்டும் என்று காவலர் கேட்டிருந்தார்.

"அங்க போறது யாருன்னு ஊருக்கே தெரியும்," என்றான் தூரி. "என் லிஃப்ட் போகக்கூடாதுன்னா, உன் ஸ்கீயும் போகக்கூடாதுக்கா. சொல்லு, இதுக்கும் கை தூக்குவியா?"

சிலர் சிரித்தார்கள். எனக்கு அவனை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல இருந்தது. நெசா அவனைப் பார்க்கவேயில்லை. எந்த இடத்தில் என்று காவலரைக் கேட்டாள். பெரிய பாறைக்குக் கீழே என்றார்.

"நான் சுத்திப் போறதாத்தான் நெனச்சிட்டிருந்தேன்," என்றாள், யாரிடமென்று இல்லாமல்.

வாக்குக்கு அழைத்ததும் முதலில் எழுந்தது அவள் கைதான். தூரி அதை எதிர்பார்க்கவில்லை, உட்கார்ந்துவிட்டான். மற்றக் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நான் தூக்கவில்லை, அவளுக்காகத்தான். அவள் என் பக்கம் திரும்பி, "தூக்கு, யாஹென்," என்றாள். தூக்கினேன்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, லிஃப்ட் வரிசையில் அவள் நின்றிருந்தாள். முன்னால் பத்துப் பேர், பின்னால் முப்பது பேர்.

"என்ன, கூட்டம் பத்தலைன்னு நீயும் வந்துட்டியா?" என்றேன்.

"வாய மூடிட்டுக் கம்பியக் குடு."

கொடுத்தேன். மதியம் எனக்கு உச்சியில் வேலை. அங்கே மேட்டு விளிம்பில், யாரும் தாண்டாமலிருக்கப் புதிதாகக் கட்டிய தடுப்புக் கயிற்றின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கீழே தொலைவில் வால் நைரா. இரவெல்லாம் பெய்த பனி அப்படியே கிடந்தது.

"ஒரு கோடு இல்ல, பாத்தியா," என்றாள். "என்னோடதும் இல்ல."

வருத்தமா என்று உரக்கவே கேட்டுவிட்டேன். ரொம்ப, என்றாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசு. தூங்குதுங்க."

அங்கிருந்து அந்தப் பாறைக்கு ஒரு மணி நேர வழி. ஆனாலும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.