பன்னிரண்டு மூடு ஏத்தன்

வெள்ளம் வடிந்த மறுநாள், நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு வாழைத் தோட்டத்தில் சேதக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் வாழையை மூடு கணக்கில்தான் எண்ணுவோம். இருநூறு மூடு ஏத்தன், அதாவது நேந்திரன் வாழை, குலையோடு சேற்றில் கிடந்தது. இன்னும் பன்னிரண்டு மூட்டில் மட்டும் அரிவாள் வெட்டுத் தடத்தோடு அடிக்கட்டைதான் நின்றது. நிவாரணப் பணத்துக்காக அவர்களே வெட்டிய வேலை என்று சட்டென முடிவுகட்டிவிட்டேன்.

“எக்கா, வெள்ளம் அருவாளோடயா வந்துது?” என்று தோட்டக்கார அக்காவிடம் நக்கலாகக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை.

“அது நான் வெட்டினது சார். அத நீங்க எழுதாண்டாம்” என்று வரப்போரம் கைகாட்டினார்.

வாழைத்தடிகளைக் கயிற்றால் பிணைத்த தெப்பம் ஒன்று அங்கே ஒதுங்கிக் கிடந்தது.

“அடுத்த வீட்டுல கழுத்தளவு தண்ணி. அங்க இருந்த அஞ்சு பேரையும் ஒவ்வொருத்தரா இதுலதான் ஏத்திக் கரை சேத்தோம்.”

அடுத்த மாதம் விலைக்குப் போகவேண்டிய குலைகள். அவர் வெட்டும்போது தோட்டம் முழுசாக நின்றிருக்கிறது.

முன்பெல்லாம் பொய்யைப் பிடிக்கத்தான் வெட்டுத் தடம் தேடுவேன். இப்போது எந்தத் தோட்டத்தில் அதைப் பார்த்தாலும், “எத்தன பேரு பொழச்சாவ?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.