ஒற்றை இருக்கைப் பரண்

என் தம்பி வெய்கோ முப்பத்துநான்கு வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். ஒரு தடவைகூடச் சுமை சரிந்ததில்லை. சுப்பீரியர் ஏரியிலிருந்து பனி வீசிப் பாலமே கண்ணுக்குத் தெரியாத நாட்களிலும் அவன் லாரி காகித ஆலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதையெல்லாம் அவன் சொல்லிக்கொள்ள மாட்டான். அதனால் நான் சொல்கிறேன்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வைகளையும் தலையணை உறைகளையும் எண்ணியே காலம் போனது. எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டேன் என்று பெயர் வாங்கியவள். வெய்கோ பரண் வாங்கிய விஷயத்தில் மட்டும் ஒன்றை விட்டுவிட்டேன்.

முன்பு அவனிடம் மான் வேட்டைக்கென்று ஓர் ஏணிப் பரண் இருந்தது. வீட்டுக்குப் பின்னால், ஓக் மரத்தில் சாத்தியபடியே நிற்கும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். அவனும் அவன் மனைவி மார்லிஸும் இருபத்தாறு இலையுதிர்காலம் அதில் ஒன்றாக உட்கார்ந்து மான் பார்த்தார்கள். "இவ வாயை மூட மாட்டேங்கிறா, எந்த மான் வரும்?" என்று எங்களிடம் புலம்புவான். ஆனால் அவளை விட்டுவிட்டு ஒருநாள்கூடப் போனதில்லை. வில்லில் குறி அவளுக்குத்தான் நன்றாக வரும்.

மார்லிஸ் ஒரு மார்ச் மாதம் இறந்துபோனாள். அந்த வருஷம் அக்டோபரில் அவன் ஒரே ஒரு காலை ஏணிப் பரணில் ஏறினான். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டான். வில்லைப் பெட்டியில் வைத்து மூடியவன், குளிர்காலம் முழுக்கச் சமையலறை ஜன்னல் பக்கமாகவே உட்கார்ந்திருந்தான். நான் கொண்டுபோன சூப் மூன்று நாள் அடுப்புமேலேயே இருக்கும்.

அடுத்த செப்டம்பரில் என் வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது சொன்னான்.

"அக்கா, அந்த ஏணிப் பரணை இறக்கிட்டேன். ஏறுபரண் ஒண்ணு வாங்கணும். அரசுக் காட்டுப் பக்கம் போலாம்னு இருக்கேன்."

"ஏன், இங்க என்ன?"

"மான் வழி மாறிடுச்சு."

அன்று காலையில்தான் அவன் ஆப்பிள் மரத்தடியில் மூன்று மான் நின்றதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை. இந்த வருஷமும் அவன் காட்டுக்குப் போகாவிட்டால் இனி எப்போதும் போகமாட்டான் என்று எனக்குப் பட்டது. எந்தப் பரணோ, எந்த மரமோ, போனால் சரி.

ஏறுபரண் என்பது இரண்டு துண்டு. மேலே இருக்கை, கீழே கால் வைக்கும் தட்டு. இரண்டும் கம்பி வடத்தால் மரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்து காலால் தட்டைத் தூக்கவேண்டும், எழுந்து கையால் இருக்கையைத் தூக்கவேண்டும். புழு நகர்வதுபோல அப்படியே இருபது அடி போகலாம். முதுகில் மாட்டிக்கொண்டு எங்கும் நடக்கலாம். ஒருவருக்குத்தான் இடம்.

நான் ஒரு தாளில் பட்டியல் போட்டுக்கொண்டு அவனோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் லூசியன் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க ஹில்யாக்கா. தம்பிக்குக் காவலா?"

"அறுபத்தோரு வயசாச்சு. இன்னும் புத்தி வரலையே."

லூசியன் நான்கைந்தைச் சுவரோரம் வரிசையாக வைத்தார். "இது இரும்பு, இருபத்தெட்டுப் பவுண்டு. இது அலுமினியம், பதினெட்டு."

"இரும்புதான் உறுதி," என்றேன்.

"ஒரு மைல் சதுப்புல சுமக்கப்போறது நீயா அக்கா?" என்றான் வெய்கோ.

"பன்னிரண்டு பவுண்டுலயும் ஒண்ணு இருக்கு. கையாலயே உடம்பை இழுத்து ஏறணும்," என்றார் லூசியன்.

"அவனுக்கு இடது தோள் ஆகாது. மரச்சுமைக்குச் சங்கிலி இறுக்கியே போன தோள்."

"அக்கா, எனக்கு வாய் இருக்கு."

"வாய் இருக்கு. தோள்தான் இல்ல."

முன்பக்கம் தடுப்புக் கம்பி உள்ளதாகப் பார்க்கச் சொன்னேன். தூங்கி விழுந்தால் பிடிக்குமே என்று. வெய்கோ கேட்கவில்லை. அது துப்பாக்கிக்காரர்களுக்கு, வில்லை இழுக்கும்போது கீழ்முனை கம்பியில் இடிக்கும் என்றான். லூசியனும் ஆமாம் என்றார். அதில் நான் விட்டுக்கொடுத்தேன். பதிலுக்கு, தோளிலிருந்து தொடைவரை பிடிக்கும் பாதுகாப்பு வாரை மாட்டாமல் ஏறக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டேன்.

கடை நடுவில் தரையிலிருந்து கூரைவரை ஒரு கம்பம் உண்டு, ஏறிப் பார்ப்பதற்காக. வெய்கோ பதினெட்டுப் பவுண்டு பரணை அதில் மாட்டி ஆறடி ஏறினான். சத்தமே இல்லை. மேலே திரும்பி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் வலப்பக்கமாக நகர்ந்தான். நகர இடமில்லை, இடுப்பு பக்கக் கம்பியில் இடித்தது. மறுபடி நகரப் பார்த்தான்.

"என்னப்பா, யாருக்கு இடம் விடுறே?" என்று கேட்டுவிட்டார் லூசியன். கேட்டபிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. கல்லாப் பக்கம் திரும்பி எதையோ தேட ஆரம்பித்தார்.

வெய்கோ நடுவில் வந்து உட்கார்ந்தான். பிறகு, "இதுவே போதும்," என்றான்.

பெட்டியில் ஒரு சின்னக் கயிறு இருந்தது. இருக்கையையும் தட்டையும் இணைத்துக் கட்டுவதற்கு. காலிலிருந்து தட்டு நழுவினாலும் கைக்கெட்டும் தூரத்தில் தொங்க வேண்டும், அதற்காக. என் பட்டியலில் 'கயிறு' என்று இருந்தது. இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். கட்டியாயிற்றா என்று பட்டியலில் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் இன்னொன்றும் சொன்னேன். "எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவே, ரெண்டையும் எழுதி வெச்சிட்டுப் போ."

"சரி."

"சரின்னா சரியா?"

"எழுதி வெக்கிறேன்கா. விடு."

அக்டோபரில் அவன் போக ஆரம்பித்தான். முகத்தில் நிறம் வந்தது. சூப் பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை, இறைச்சியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்த பாஸ்டி சுட்டேன். இரண்டைச் சூடாகத் துணியில் சுற்றிக்கொண்டு மதியம் ஒரு மணிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். வண்டி இல்லை. கதவு எப்போதும்போலத் திறந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில், உப்புக் குப்பியின் கீழே ஒரு சீட்டு.

'பழைய ரயில் பாதைக்கு வடக்கே. பீவர் அணை தாண்டி மூன்றாவது பெரிய பாப்ளர் மரம். பதினொன்றுக்கு வருவேன்.'

கடிகாரம் ஒன்று பத்து காட்டியது. சீட்டை எடுத்தபோது அதன் கீழே இன்னொன்று இருந்தது. அதன் கீழே இன்னொன்று. மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் தேதி, மரம், மணி. ஒன்றையும் யாரும் தொட்டிருக்கவில்லை. பால் வாங்கப் போனால்கூட மார்லிஸுக்கு அந்த இடத்தில்தான் எழுதி வைப்பான்.

கொடுத்த வாக்கை அவன் அப்படியே காப்பாற்றியிருந்தான். எங்கே வைப்பாய் என்று நான்தான் கேட்கவில்லை.

ரயில் பாதை முனையில் அவன் வண்டி நின்றது. அங்கிருந்து நடந்தேன். அந்தக் காட்டில் போன் எடுக்காது. பீவர்கள் மரக்கிளைகளை அடுக்கிக் கட்டிய அணையின் கரையில் மெல்லிய பனிக்கட்டி இருந்தது. என் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. அணை தாண்டி மரங்களை எண்ணினேன். மூன்றாவதில், பதினெட்டு அடி உயரத்தில், என் தம்பி கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். தட்டு மரத்தின் அடியில் கிடந்தது.

"யாரு? அக்காவா?"

"இல்ல, மான்."

"மெதுவாப் பேசு. இருக்கிறதும் ஓடிடும்." குரல் நடுங்கியது. உதடு நீலமாக இருந்தது. "எட்டரைக்கு இறங்கலாம்னு எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்துச்சு. தட்டு நழுவிடுச்சு."

"கட்டுற கயிறு எங்கடா?"

அவன் மரப்பட்டையைச் சுரண்டினான்.

"வெய்கோ."

"சட்டைப்பையில."

வில்லை மேலே இழுக்கும் கயிறு அவனிடம் இருந்தது. அதில் வளையம் போட்டு ஐந்தரை மணி நேரமாகத் தட்டை மாட்டப் பார்த்திருக்கிறான். "தூண்டில் போட்ட மாதிரிதான். ஒண்ணும் கடிக்கல," என்றான். அதன் நுனியை எனக்கு இறக்கினான். தட்டின் முன்கம்பியில் சலவை மூட்டைக்குப் போடும் முடிச்சைப் போட்டேன். அது அவிழாது. அவன் இழுக்க, தட்டு மரத்தை உரசிக்கொண்டு மேலே போனது. கால் அதில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். அப்புறம் இறங்கினான், ஒவ்வொரு சாணாக.

விழுந்துகிடந்த கட்டையில் அவனை உட்காரவைத்து என் கோட்டுக்குள்ளிருந்து பாஸ்டியைக் கொடுத்தேன். இரண்டையும் சாப்பிட்டான்.

"சீட்டைப் பாத்தியா?" என்றான்.

"பன்னிரண்டையும் பாத்தேன்."

மென்றுகொண்டே இருந்தான்.

"யாரு படிப்பாங்கன்னுடா அங்க வெச்சே?"

"யோசிக்கலக்கா." கைவிரல்களைத் தேய்த்தான். "எழுதி வெச்சா, வீட்ல சொல்லிட்டு வந்த மாதிரி இருந்துச்சு."

அவன் சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்து என் கண்முன்னே இரண்டு துண்டையும் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தேன். இரண்டு முறை.

இப்போது காட்டுக்குப் போகிற வழியில் நாலு மைல் சுற்றிக்கொண்டு என் வீட்டுப் பக்கம் வருகிறான். சாலையோரத்தில் இருக்கும் என் தபால்பெட்டியில் சீட்டைப் போட்டு, எடுக்கத் தபால் உண்டு என்று தபால்காரிக்குக் காட்டும் சிவப்புக் கொடியை நிமிர்த்திவிட்டுப் போவான். திரும்பும்போது கொடியை இறக்குவான். முதல் வாரம் தபால்காரி டோரீன் சீட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "ஹில்யா, இதுல ஸ்டாம்ப் ஒட்டலையே!" விஷயத்தைச் சொன்னபிறகு அவளும் படிக்கிறாள். "இன்னைக்கு அணைக்குத் தெற்கே போயிருக்காப்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

வெய்கோவை உள்ளே வா என்றால் வரமாட்டான். பூட்ஸில் சேறு என்பான். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து எனக்குக் கொடி தெரியும். பத்தரைக்கே அங்கே போய் நின்றுவிடுகிறேன்.

இந்த வருஷம் அவனுக்கு இன்னும் மான் கிடைக்கவில்லை. நேற்றைய சீட்டில் பதினொன்று என்றிருந்தது. பதினொன்று ஏழுக்குத்தான் கொடி இறங்கியது. ஏழு நிமிஷம் தாமதம். அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒருநாளும் இல்லாமல், கிளம்பும்போது ஒரு தடவை ஹார்ன் அடித்தான்.